புகாருக்கும் பருவம் உண்டு

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் முன்னோடி விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

குடிநீர், சாலை, வீட்டு வசதி ஆகியவை பற்றி இவ்வகுப்பில் இரண்டு நாட்களாகப் பேசி வருகிறோம். இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள பொருள் சற்று வேறானது. விலை கொடுத்து வாங்கிய கருவி பழுதாகி, விற்ற கம்பெனியும் கைவிரித்துவிட்டால், நாம் யாரிடம் செல்வது, எப்படிச் செல்வது, எப்பொழுது செல்வது என்பதே அப்பொருள். இம்மூன்றில் கடைசியாகச் சொன்ன "எப்பொழுது" என்பதுதான் மிக முக்கியமானது. இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற ஒரு விவசாயிக்கு நேர்ந்த நஷ்டத்தின் மூலமாகவே அறிந்தேன். அந்த நஷ்டத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆகையால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

முகம் தெரியாத வியாபாரி

நம் தந்தையார் காலத்தில் ஏர்க்கொழு தேய்ந்தால் கொல்லருடைய உலைக்களத்துக்குப் போனோம். வண்டிச் சக்கரம் ஆடினால் தச்சர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். செய்து கொடுத்தவர் நம் ஊர்க்காரர். வேலையில் குறை இருந்தால் மறுநாள் கோயில் வாசலிலோ டீக்கடையிலோ அவர் நம் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்தக் கூச்சமே அக்காலத்து உத்தரவாதம்.

இன்று நாம் வாங்கும் கருவிகளைச் செய்தவர் ஓர் ஊரில் இருக்கிறார். விற்பவர் வேறோர் ஊரில் இருக்கிறார். பழுது என்று தொலைபேசியில் அழைத்தால் பேசுபவர் மூன்றாவதோர் ஊரில் இருக்கிறார். செல்போனில் படம் பார்த்து, செல்போனிலேயே பணம் கட்டி, பொருளை வீட்டு வாசலில் பெற்றுக்கொள்கிறோம். இதனால் நன்மைகள் பல உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் குறை சொல்லப் போனால் தட்டுவதற்கு ஒரு கதவு தென்படுவதில்லை.

எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவர் 2022ஆம் ஆண்டு தை மாதத்தில் இவ்விதமாக ஒரு கருவியை 8,400 ரூபாய்க்கு வாங்கினார். வீட்டில் இருந்தபடியே செல்போன் மூலம் கிணற்று மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவி அது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் கருவி தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. நடுநிசியில் பாம்புக்கும் இருட்டுக்கும் அஞ்சி வரப்பில் நடக்க வேண்டியதில்லை என்று அவர் மகிழ்ந்தார். மார்ச் மாதத்தில் ஓர் இரவு ஒரு முனை மின்சாரம் போயிற்று. கருவி மோட்டாரை நிறுத்தவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது மோட்டாரின் காயில் கருகிக் கிடந்தது. ஆழ்குழாயிலிருந்து மோட்டாரை ஏற்றி, காயில் கட்டி, மீண்டும் இறக்குவதற்கு 9,000 ரூபாயும் பன்னிரண்டு நாட்களும் ஆயின. அப்பொழுது அவருடைய ஓர் ஏக்கர் நிலக்கடலை விழுது இறங்கும் பருவத்தில் இருந்தது. அந்தப் பருவத்தில் பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனிக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு புகார் எண் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செல்போனில் செய்தி வந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை. மறுபடியும் அழைத்தார், மறுபடியும் ஓர் எண், மறுபடியும் "தீர்க்கப்பட்டது". நான்காம் முறை, உள்ளூர் எலக்ட்ரீஷியன் கருவியைத் திறந்து பார்த்துவிட்டார், ஆதலால் உத்தரவாதம் செல்லாது என்று கூறிவிட்டார்கள். மோட்டார் எரிந்து ஆறாம் நாள், ஒரு மனுவோடு அவர் என்னிடம் வந்தார்.

நான் செய்த தவறு

நான் அவரை விரட்டிவிடவில்லை. உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டு, மனுவின் மேல் குறிப்பு எழுதி, வேளாண்மைப் பொறியியல் துறைக்கு அனுப்பினேன். அரசு மானியத்தில் வாங்கிய கருவி இல்லை, ஆதலால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சில வாரங்களில் பதில் வந்தது. பிறகு மின்வாரியத்துக்கு எழுதினேன். கருவியின் தரத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். கோப்பு கனத்தது. விவசாயியோ, "ஐயா எழுதியிருக்கிறார், நிச்சயம் நடக்கும்" என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு காத்திருந்தார். இவ்விதமாகப் பத்தொன்பது மாதங்கள் சென்றன.

ஒருநாள் வட்ட சட்டப் பணிகள் குழுவின் முகாம் ஒன்று எங்கள் அலுவலகத்தில் நடந்தது. அங்கு வந்திருந்த வழக்கறிஞர் ஒருவரிடம் இக்கோப்பைக் காட்டினேன். அவர் ஒரு பக்கத்தையும் படிக்காமல், "மோட்டார் எரிந்தது என்றைக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கலாக வேண்டும். ஐந்து மாதம்தான் மீதம் இருக்கிறது. நீங்கள் எழுதிய கடிதங்களுக்காகக் கெடு நின்று கொண்டிருக்காது" என்றார்.

நண்பர்களே, அன்று நான் அடைந்த வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை. நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். ஆனால் உரிய கதவைக் காட்டாமல் நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் அந்த மனிதருடைய காலத்தைத் தின்றது. விதைப்புக்குப் பருவம் தவறினால் எருவும் நீரும் ஈடு செய்யமாட்டா. புகாரும் அவ்விதமே.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. கடையில் வாங்கினாலும் சரி, செல்போன் மூலம் வாங்கினாலும் சரி, விலை கொடுத்தவர் நுகர்வோரே என்று இச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

"நான் விவசாயத்துக்கு அல்லவா வாங்கினேன்? அது வியாபாரம் ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். சுயமாக உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கும் பொருள் வியாபார நோக்கத்தில் சேராது. தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், விதை வாங்கிப் பயிரிடும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வாங்கிய விதையில் மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது, அவர் எல்லாவற்றையும் விதைத்திருப்பார் என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆகவே விதை, மருந்து, மோட்டார், கருவி எதுவாயினும் உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, எந்தக் கதவு எதற்கு என்பதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதற்கதவு, கம்பெனியேதான். இணையத்தின் வழியே விற்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். இது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் உள்ளது. தொலைபேசியில் பேசுபவர் வேறு, இந்த அலுவலர் வேறு. இவருக்கு எழுத்து மூலமாகவே எழுத வேண்டும்.

இரண்டாவது கதவு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் நம் புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கட்டணம் இல்லை. பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் கம்பெனி மறுத்தால், கொடுத்தே தீர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது.

மூன்றாவது கதவு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். உத்தரவிடும் அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. பொருளுக்கு நாம் கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் புகார் கட்டணம் ஒரு காசு கூட இல்லை. கம்பெனி டில்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நாமே பேசலாம். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணைய தளத்தின் வழியாகவும் புகாரைத் தாக்கல் செய்ய இயலும். நோட்டீசு பெற்ற கம்பெனி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் இல்லை. மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், தீர்ப்பளிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறுமை வேண்டும். உத்தரவை மீறும் கம்பெனிக்காரருக்குச் சிறைத்தண்டனை உட்படத் தண்டனை உண்டு.

இம்மூன்றையும் தவிர வேறு சில புகார்களுக்கு வேறு கதவுகள் உண்டு. யாரேனும் ஏமாற்றி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அது குற்றம், போலீசார் பார்க்கும் விஷயம். வங்கியின் சேவையில் குறை என்றால் முதலில் வங்கிக்கு எழுதி, முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையினரிடம் சொல்ல வேண்டும்.

மாவட்ட ஆட்சியரிடம் எப்போது செல்வது?

திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு செல்வது நம் வழக்கம். ஒருவருடைய கருவிக்குப் பணம் வாங்கித் தருமாறு கம்பெனிக்கு உத்தரவிட ஆட்சியரால் ஆகாது. ஆனால் ஒரே கம்பெனியின் பொய் விளம்பரத்தாலோ மோசடியான வியாபார முறையாலோ பலர் பாதிக்கப்பட்டிருந்தால், அப்புகாரை ஆட்சியரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம் என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கேட்டுக்கொண்டால் விசாரித்து அறிக்கை தரவும் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு.

அந்த மத்திய ஆணையத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். "ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லையேல் ஐம்பது ரூபாய்" என்று ரேபிடோ என்னும் கம்பெனி விளம்பரம் செய்துவந்தது. ஆட்டோ தாமதமானபோது ஐம்பது ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கவில்லை. அக்கம்பெனியின் பைக் சவாரிக்கு மட்டும், ஏழே நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டிய ஒரு வரவாக, அதுவும் "ஐம்பது ரூபாய் வரை" என்று எழுதிக் கொடுத்தது. ஐம்பது ரூபாய்க்காக யார் நீதிமன்றம் ஏறுவார்? ஆனால் நூற்றுக்கணக்கானோர் 1915இல் சொல்லி வைத்தார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஆணையம், 2025 ஆகஸ்டில் அக்கம்பெனிக்கு 10 லட்ச ரூபாய் அபராதம் விதித்து, வாடிக்கையாளருக்கு உரிய பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. ஆகவே, "இச்சிறு தொகைக்குப் புகாரா?" என்று எண்ணாதீர்கள். சிறு துளிதான் ஏரியை நிரப்புகிறது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

பொருள் வாங்கியவுடன் பில்லையும் உத்தரவாத அட்டையையும் நகல் எடுத்து வையுங்கள். அட்டைப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். தயாரித்தவருடைய பெயர், முகவரி, குறை சொல்ல வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை அதில்தான் அச்சிடப்பட்டிருக்கும். வெறும் வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. செல்போனில் வரும் செய்திகளை அழிக்காதீர்கள். "தீர்க்கப்பட்டது" என்று வரும் பொய்ச் செய்தியும் நமக்குச் சாட்சியே.

பழுதான கருவியைக் கழற்றாதீர்கள். எரிந்ததை எரிந்தபடியே தேதியோடு படம் எடுங்கள். மெக்கானிக்கிடம், என்ன பழுது, எதனால் என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். பயிர் வாடினால் அன்றே உதவி வேளாண்மை அலுவலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக் காட்டி, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபமும் வசையும் வேண்டவே வேண்டாம். இவ்வளவு போதும்: "இன்ன தேதியில் இன்ன பில் எண்ணில் இவ்வளவு ரூபாய் கொடுத்துத் தங்கள் கருவியை வாங்கினேன். இன்ன தேதியில் இன்ன பழுது நேர்ந்தது. அதனால் எனக்கு இவ்வளவு ரூபாய் நஷ்டம். இன்ன இன்ன தேதிகளில் தெரிவித்தும் பலன் இல்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இத்தொகையைத் தராவிட்டால், நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்." விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு குத்தி வையுங்கள். மோட்டார் எரிந்த தேதியையும், இரண்டு ஆண்டு முடியும் தேதியையும் அந்தக் கோப்பின் மேலட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

ஊராட்சியின் கடமை

உறுப்பினர்களே, இதில் உங்களுக்குப் பணச் செலவு ஒன்றும் இல்லை. ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் 1915, 1930 ஆகிய எண்களையும், மாவட்ட ஆணையத்தின் முகவரியையும் எழுதி வையுங்கள். இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பெண்களுக்கும், ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் அவ்வுதவி கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்குக் கடிதம் எழுதித் தர, படித்த இளைஞர் ஒருவரையோ மகளிர் குழுப் பெண் ஒருவரையோ ஏற்படுத்துங்கள். கிராம சபை கூடும் நாளில், "ஏதேனும் கருவி வாங்கி ஏமாந்தவர் உண்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்து பேர் ஒரே கம்பெனியைச் சொன்னால், ஐவரும் தனித்தனியே தங்கள் புகாரைக் கொடுக்கட்டும். சேர்ந்து ஆட்சியருக்கும் எழுதட்டும். நாளைக்கு ஆறாவது மனிதர் ஏமாறாமல் இருப்பார்.

என்னைப் போன்ற அலுவலரிடம் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள். ஆனால், "சிபாரிசுக் கடிதம் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "எந்தக் கதவு? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத அலுவலர், தெரிந்தவரிடம் உங்களை அன்றைக்கே அனுப்ப வேண்டும். கோப்பில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

நிற்க. அந்த விவசாயியின் கதையை முடிக்கவில்லை. வழக்கறிஞரின் உதவியோடு 2024 ஜனவரியில் புகார் தாக்கலாயிற்று. கெடு முடிய இரண்டு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது. அதுவரை ஒரு வரி பதில் எழுதாத கம்பெனி, ஆணையத்தின் நோட்டீசு கிடைத்ததும் ஆள் அனுப்பியது. சமரசத்துக்கு இரு தரப்பும் இசைந்ததால், ஆணையத்தின் சமரச மையத்தில் பேச்சு நடந்தது. கருவியின் விலை 8,400, காயில் கட்டிய செலவு 9,000, அலைச்சலுக்கு 5,000, ஆக 22,400 ரூபாய் கொடுத்தார்கள்.

நிலக்கடலைக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. "பயிர் வாடியதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லை. மோட்டார் எரிந்த ஆறாம் நாள் அவர் என் முன்னால் நின்றபோது பயிர் வாடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே வேளாண்மை அலுவலரை அவருடைய வயலுக்கு அனுப்பியிருக்கலாம். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பணத்தை வாங்கிய மறுநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்து நன்றி சொன்னார். அந்த நன்றிக்கு நான் பாத்திரமானவனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஊரில் இன்னொருவர் ஒரு கருகிய மோட்டாரோடு நிற்கும்போது, முதல் வாரத்திலேயே உரிய கதவை நீங்கள் காட்டுவீர்களானால், நான் பட்ட கடன் ஓரளவு தீரும். அதையே உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.